சாப்பிட்டாச்சா என்று கேட்கக் கூடாத நகரம்

முன்னொரு காலத்தில், மனிதர்கள் ஒருவரையொருவர் கண்டால் வணக்கம் சொல்வதற்கு முன்பே "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்ட ஒரு நகரம் இருந்தது. அதன் பெயர் இப்போது யாருக்கும் நினைவில்லை. ஆறு போக்கு மாறிவிட்டது. கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது. அந்த நகரத்தின் சத்தம் மட்டும் கதையாக மிஞ்சியிருக்கிறது. காலை வேளையில் அதன் தெருக்களில் நடந்தால் இரண்டு பக்கமிருந்தும் காதில் விழுமாம்.

"வெறும் வயித்துல கிளம்பாதே."

"நேத்தெல்லாம் இருமினியே, இன்னைக்குத் தயிரைத் தொடாதே."

"என்ன இப்படி இளைச்சுட்டே? ரெண்டு நாள் உளுந்தங்களி தின்னு."

ஆலோசனை கேட்டவர் ஒருவரும் இல்லை. சொன்னவர்கள்தான் எல்லோரும்.

அந்த நகரத்துக்குப் பிச்சாண்டி முதன்முதலாக வந்தபோது அவனுக்கு இருபது வயது. மூன்று நாள் பட்டினி. அரண்மனை வாசலுக்கு எதிரே, தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ், காத்தாயி என்பவள் கம்பங்கூழ் விற்றுக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு மண்கலயத்தை நீட்டினாள். அவன் அதைப் பறித்து வாயில் கவிழ்க்கப் போனான்.

"சூடா இருக்கு. ஓரத்திலேர்ந்து குடி" என்றாள் காத்தாயி.

அந்த ஊர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதன்பின் பிச்சாண்டி அரசவைக்குப் போனதும், தன் வேடிக்கைப் பேச்சால் மகாராஜாவைச் சிரிக்க வைத்ததும், அவை விகடகவி ஆனதும் வேறு கதைகள். பட்டு உடுத்திய பிறகும் தினம் காலையில் அவன் அந்தப் பந்தலுக்குப் போனான். தினமும் அவள் கலயத்தை நீட்டி, "சூடா இருக்கு. ஓரத்திலேர்ந்து குடி" என்பாள். பதினைந்து வருஷமாக அவனுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் அவள் சொன்ன பிறகுதான் குடிப்பான்.

இப்படி இருக்கையில், ஒரு நாள் மகாராஜாவுக்கு வயிறு உப்பிக்கொண்டது. முந்தின நாள் தின்ற பலாச்சுளை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் மகாராஜாவின் வயிறு என்றால் சும்மாவா? மந்திரி சுக்குக் கஷாயம் என்றார். சேனாபதி விளக்கெண்ணெய் என்றார். அவைப் புலவர் இளநீரில் எலுமிச்சை பிழிந்து குடிக்கச் சொன்னார். யானைப்பாகன்கூட, பட்டத்து யானைக்குக் கொடுக்கும் பெருங்காய உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து வணக்கத்தோடு வைத்தான். மகாராஜா இளகிய மனசுக்காரர். ஒருவர் பேச்சைக் கேட்டு இன்னொருவர் பேச்சைத் தட்டினால் மனம் வருந்துவார்களே என்று, அத்தனையையும் ஒரே காலையில் சாப்பிட்டுவிட்டார்.

அடுத்த மூன்று நாட்கள் மகாராஜா தர்பாருக்கு வரவில்லை. எங்கே இருந்தார் என்று சொல்வது மரியாதை அல்ல.

நான்காம் நாள் அவர் பாதி உடம்பாக வந்து சிங்காதனத்தில் சாய்ந்தபோது, அரண்மனை வைத்தியர் சஞ்சீவி பண்டிதர் எழுந்து நின்றார். பண்டிதர் மெய்யாகவே படித்தவர். அவர் கை பட்டுப் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் அவருடைய மருந்துச்சாலை காத்தாயியின் பந்தலுக்கு நேர் எதிரே இருந்தது. காவலர்கள் முதல் அந்தப்புரத்துத் தோழிப் பெண்கள் வரை எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூழ்ப் பந்தலில் நின்று உடம்பைப் பற்றிப் பேசினார்கள். போதாக்குறைக்கு, பிச்சாண்டியைப் பார்த்துச் சிரிக்கும் மகாராஜா பண்டிதரைப் பார்த்தால் முனகத்தான் செய்வார். இரண்டும் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தன.

"மகாராஜா! தங்களை வருத்தியது நோய் அல்ல, ஆலோசனை" என்றார் பண்டிதர். "வாள் பிடிக்கப் பயிற்சி வேண்டும். தேர் ஓட்டப் பயிற்சி வேண்டும். ஓர் உயிரின் வயிற்றுக்குள் எதை அனுப்புவது என்று சொல்ல மட்டும் நாக்கு ஒன்று இருந்தால் போதுமா? யானைக்குச் சொல்பவன் அரசருக்கும் சொல்லலாமா?"

யானைப்பாகன் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். மகாராஜா வயிற்றைத் தடவிக்கொண்டே, "நியாயமான பேச்சு" என்றார்.

அன்று மாலையே தண்டோரா போட்டார்கள். இதுதான் கட்டளை: செப்பு முத்திரை அணியாத எவரும், எவருக்கும், எதை உண்பது, எப்போது உண்பது, எவ்வளவு உண்பது என்று நகர மதிலுக்குள் சொல்லலாகாது. முத்திரை அணிந்தவரும் நாடி பார்க்காமல் சொல்லலாகாது. மீறியவர் தெற்கு வாசல் வழியே நகரத்தை விட்டு வெளியேற வேண்டும். முத்திரை வேண்டுவோர் பண்டிதரிடம் பன்னிரண்டு ஆண்டுகள் பயில வேண்டும்.

பண்டிதர் அதுவரை மாணாக்கர் என்று ஒருவரையும் சேர்த்ததில்லை. ஆகவே நாடு முழுவதற்கும் முத்திரை ஒன்றே ஒன்றுதான். அது அவர் கழுத்தில் தொங்கியது.

நகரம் ஊமையாகிவிட்டது. எதிரே வந்த நண்பனைப் பார்த்து "சாப்..." என்று தொடங்கியவன், மீதியை விழுங்கிவிட்டு மேகத்தைப் பற்றிப் பேசினான். தாய்மார்கள் சோற்று உருண்டையைக் குழந்தையின் வாய்க்கு நேரே நீட்டிவிட்டு, தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல வானத்தைப் பார்த்தார்கள். புதுப் பெண்டாட்டி ஒருத்தி புருஷனிடம் இன்னும் கொஞ்சம் என்று சொல்ல முடியாமல், கரண்டியோடு நின்று அழுதாளாம்.

பிச்சாண்டி மறுநாள் காலையில் பந்தலுக்குப் போனான். காத்தாயி கலயத்தை நீட்டினாள். அவள் உதடு ஒரு தடவை அசைந்து, மூடிக்கொண்டது. எதிரே மருந்துச்சாலை வாசலில் பண்டிதரின் ஆள் நின்றுகொண்டிருந்தான். பிச்சாண்டி கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, ஏதோ நினைவாகக் கலயத்தை வாயில் வைத்தான்.

நாக்கு பொத்துப்போயிற்று. பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக.

காத்தாயி கையைப் பிசைந்தாள். "என்னால ஆகலப்பா. வார்த்தை தொண்டையில வந்து நிக்குது."

பன்னிரண்டு நாள் அவள் தாக்குப்பிடித்தாள். பதின்மூன்றாம் நாள் காவலன் ஒருவன் வந்தான். வாயெல்லாம் புண். ஒரு வாய் கூழை விழுங்குவதற்குள் அவன் கண்ணில் நீர் வழிந்தது.

"அடப்பாவி, வாய்ப்புண்ணா?" என்று காத்தாயி கேட்டுவிட்டாள். "மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுத் தண்ணியா வச்சுக் குடிய்யா. ரெண்டு நாளைக்குப் புளி சேர்க்காதே."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பண்டிதரின் ஆள் தெருவைக் கடந்து வந்துவிட்டான்.

தர்பாரில் காத்தாயி கைகட்டி நின்றாள். மகாராஜா தயக்கத்தோடு கேட்டார்: "பெண்ணே, நீ அவ்வாறு சொன்னது உண்மையா?"

"உண்மைதான் சாமி. அந்தப் புள்ள கண்ணுல தண்ணி விடறான். சொல்லாம எப்படி இருக்கிறது?"

"நாடி பார்த்தாயா?" என்று பண்டிதர் அதட்டினார்.

"மூஞ்சியப் பார்த்தேன்."

அவையில் யாரோ சிரித்தார்கள். பண்டிதர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

பிச்சாண்டி முன்னால் வந்தான். "மகாராஜா! இந்த அம்மாள் சொல்லிக் கேட்டு இந்த ஊரில் இதுவரை கெட்டவர் எவரும் இல்லை. அடியேன் உயிரோடு நிற்பதே அதற்குச் சாட்சி. இந்த ஒருமுறை மன்னித்தருள வேண்டும்."

மகாராஜா பெருமூச்சு விட்டார். "பிச்சாண்டி, வேண்டியவர்களுக்கு ஒரு சட்டம், வேண்டாதவர்களுக்கு ஒரு சட்டம் என்று வைத்தால் நான் என்ன அரசன்? இன்றைக்கு நான்காம் நாள் இளவரசிக்கு நிச்சயதார்த்தம். ஆற்றுக்கு அக்கரை நாட்டு அரசர் சம்பந்தம் பேச வருகிறார். அன்று காலை வரை இவளுக்கு அவகாசம். பிறகு தெற்கு வாசல்."

"அப்படியானால் இந்தச் சட்டம் எல்லோருக்கும் பொதுவா, மகாராஜா?"

"எனக்கும் பொது" என்றார் மகாராஜா, நெஞ்சை நிமிர்த்தி.

பண்டிதருக்கு அப்போது ஒரு யோசனை பிறந்தது. வாயை மூடத் தெரியாத இந்த விகடகவியையும் காத்தாயியோடு சேர்த்து அனுப்பிவிடலாமே! "பிச்சாண்டியாருக்குச் சட்டத்தின்மேல் இவ்வளவு அக்கறை இருப்பது மகிழ்ச்சி" என்றார். "நிச்சயதார்த்த விருந்தில் சட்டம் கெடாமல் அவரே காவல் நிற்கட்டும். முத்திரை இல்லாத வாயிலிருந்து ஒரு சொல் புறப்பட்டாலும், சொன்னவரோடு அவரும் தெற்கு வாசல் வழியே போகட்டும்."

"சம்மதம்" என்றான் பிச்சாண்டி. அவன் அத்தனை சீக்கிரம் சம்மதித்தது பண்டிதருக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் சந்தோஷத்தில் இருந்தார்.

நிச்சயதார்த்தத்தன்று காலை, காத்தாயி பெரிய பானையைத் தலையில் வைத்துக்கொண்டு தெற்கு வாசலை நோக்கி நடந்தாள். பிச்சாண்டி ஒரு கம்பு மூட்டையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தான்.

"பட்டுல தூசி படியுது பாரு. நீ திரும்பிப் போ" என்றாள் அவள்.

"எங்கே போவே அக்கா?"

"வாசலுக்கு வெளியே ஒரு புளியமரம் இருக்கு. அதுவரைக்கும்தான் யோசிச்சிருக்கேன்."

"அடுப்பு?"

"மூணு கல்லு எங்கேயும் கிடைக்கும். இருபத்தாறு வருஷமா அரண்மனை வாசல்ல நின்னுட்டேன் பாரு, அதான் காலு நகர மாட்டேங்குது."

வாசல் வந்துவிட்டது. பிச்சாண்டி மூட்டையைப் புளியமரத்தடியில் இறக்கச் சொல்லி வாசல் காவலனிடம் கொடுத்தான். "அக்கா, இன்னைக்குப் பானை நிறையக் காய்ச்சு."

"ஆருக்கு? வெட்டவெளியில காக்காய்க்கா?"

"காய்ச்சேன். வரேன்" என்று சொல்லிவிட்டு அரண்மனைக்கு ஓடினான்.

உச்சி வேளையில் விருந்து மண்டபத்தில் முந்நூறு இலை போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்தார்கள். அக்கரை நாட்டு அரசர் நடு இலையில் அமர்ந்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். சோறு, பருப்பு, நெய், கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் இலையில் வந்து இறங்கின. வாசனை உத்தரத்தைத் தொட்டது.

ஒருவரும் கை வைக்கவில்லை.

அந்த நாட்களின் வழக்கம் அப்படி. பெண்ணைப் பெற்றவர் வந்து "சாப்பிட வேணும்" என்று வாய்நிறையச் சொல்லாமல் சம்பந்திகள் இலையைத் தொடமாட்டார்கள். போதும் என்று அவர்கள் கையால் இலையை மறைக்க வேண்டும், இன்னும் ஒரு கரண்டி என்று இவர்கள் வற்புறுத்த வேண்டும். அந்த வற்புறுத்தல் இல்லாத விருந்து விருந்தே இல்லை.

மகாராஜா கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். பக்கத்தில் பிச்சாண்டி மெல்ல இருமினான்.

"மகாராஜா, கழுத்தில் முத்திரை இல்லையே!"

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

பிச்சாண்டி பண்டிதரிடம் போய்க் குனிந்து வணங்கினான். "பண்டிதரே, பந்தி காத்திருக்கிறது. இந்த நாட்டிலேயே 'சாப்பிடுங்கள்' என்று சொல்லத் தகுதியுள்ளவர் தாங்கள் ஒருவர்தான். எழுந்தருள வேண்டும்."

பண்டிதர் முத்திரையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக எழுந்தார். அக்கரை அரசருக்கு முன் நின்று, "தாங்கள் சா..." என்றார்.

"நாடி!" என்றான் பிச்சாண்டி. "நாடி பார்க்காமல் சொல்லலாகாது. தங்கள் திருவாக்குத்தான்."

வேறு வழியில்லை. பண்டிதர் குந்தி உட்கார்ந்து சம்பந்தியின் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினார்.  நாடி பார்த்த பிறகு பொய் சொல்ல அவர் படிப்பு இடம் கொடுக்கவில்லை.

"வாத நாடி. தாங்கள் சோறு உண்ணலாம். பருப்பைத் தொடலாகாது."

அக்கரை அரசரின் மீசை நிமிர்ந்தது. "உங்கள் நாட்டில் சம்பந்திக்கு நாடி பார்த்துத்தான் சோறு போடுவீர்களா?"

மகாராஜாவுக்கு வியர்த்தது. பண்டிதர் அடுத்த இலைக்கு நகர்ந்தார். அடுத்தது மாப்பிள்ளையின் சிற்றப்பா. அவருக்கு நெய் கூடாதாம். அதற்கடுத்தவருக்கு அப்பளம் மட்டும் கூடுமாம். ரசம் வந்தது. ஊற்றலாமா என்று கேட்பதும் ஆலோசனையில் சேருமோ என்று பயந்து, பரிமாறுகிறவர்கள் வாளியும் கையுமாகச் சிலைபோல நின்றார்கள். சோறு ஆறியது. அப்பளம் நமுத்தது. பத்தாம் இலையில் இருந்தபோது முதல் இலைக்காரர் கூட்டைத் தொடலாமா என்று கேட்க, பண்டிதர் திரும்ப ஓடிவந்து மறுபடியும் நாடி பார்த்தார்.

முப்பத்தேழாம் இலையிலிருந்து அவர் தட்டுத்தடுமாறி எழுந்தார். காலையிலிருந்து அவரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. யார்தான் அவரைக் குடிக்கச் சொல்வது? அவருக்குச் சொல்ல நாட்டில் இன்னொரு முத்திரை இல்லையே! மனிதர் கண் செருகி, தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார்.

மகாராஜா பதறி ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கொண்டார். "ஐயோ பண்டிதரே! முகமெல்லாம் வெளுத்துப்போச்சே! உட்காருங்க. முதல்ல ஒரு வாய் மோர் குடிங்க!"



பிச்சாண்டி தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "மகாராஜா, தெற்கு வாசல் திறந்திருக்கிறது" என்றான் பணிவாக.

"என்ன?"

"எதை உண்பது என்று சொன்னீர்கள், மோர். எப்போது என்று சொன்னீர்கள், முதலில். எவ்வளவு என்றும் சொன்னீர்கள், ஒரு வாய். நாடியும் பார்க்கவில்லை, முத்திரையும் இல்லை."

"அடேய், என்னையே நாடு கடத்துகிறாயா?"

"நான் யார் மகாராஜா, கடத்த? கட்டளை ஓலையில் இருப்பது தங்கள் அரச முத்திரை. எனக்கும் பொது என்று சொன்னது தங்கள் வாய். தனியே போகவேண்டாம், நானும் வருகிறேன். அது பண்டிதர் போட்ட நிபந்தனை."

மகாராஜா சம்பந்தியைப் பார்த்தார். முந்நூறு ஆறிய இலைகளையும் பார்த்தார். சொன்ன சொல் சொன்னதுதான். மேலாடையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னால் பிச்சாண்டி. அதற்குப் பின்னால், இரண்டு காவலர்கள் தாங்கிய பண்டிதர்.

அக்கரை அரசர் எழுந்தார். "சம்பந்தி போகிற இடத்துக்கு நாங்களும் வருகிறோம். அங்கேயாவது சோறு உண்டா?"

"கூழ் உண்டு" என்றான் பிச்சாண்டி.

தெற்கு வாசலைத் தாண்டியதும் புளியமரத்து நிழலில் மூன்று கல்லின்மேல் பானை கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு நாட்டின் அரசரும் இன்னொரு நாட்டின் அரசரும் பட்டுவேட்டியோடு வருவதைப் பார்த்துக் காத்தாயி எழுந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. முகங்களைப் பார்த்தாள். கலயத்தை எடுத்தாள்.

முதல் கலயம் மகாராஜாவுக்கு. பசியில் அவர் அதை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஐயோ சாமி, சூடா இருக்கு! ஓரத்திலேர்ந்து குடிங்க!"

மகாராஜாவின் கை நின்றது. மதிலுக்கு வெளியே அந்தக் கட்டளை செல்லாது என்பது அவருக்கு நினைவு வந்திருக்கலாம். ஆனால் அவர் நினைத்தது அதையல்ல.

"முடிசூடிய நாளிலிருந்து என்னிடம் இப்படி ஒருவரும் சொன்னதில்லை" என்றார் மெதுவாக. "தங்கத் தட்டில் வைத்து, வணங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் நாக்கைச் சுட்டுக்கொண்டது எத்தனை தரம்!"

ஓரத்திலிருந்து ஊதி ஊதிக் குடித்தார்.

அடுத்த கலயத்தைக் காத்தாயி பண்டிதரின் கையில் வைத்து, விரல்களைச் சேர்த்துப் பிடித்துவிட்டாள். "வெறும் வயிறு ஐயா. மடக்குன்னு குடிக்காதீங்க. சுண்டைக்காய் வத்தலைக் கடிச்சுக்கிட்டு கொஞ்சங் கொஞ்சமா."

"பண்டிதரே!" என்றான் பிச்சாண்டி. "இந்த அம்மாள் தங்களுக்கு நாடி பார்க்கவில்லையே!"

பண்டிதர் ஒரு மடக்கு விழுங்கினார். முகத்தில் ரத்தம் ஏறியது. கலயத்துக்குள் பார்த்தபடியே, "மூஞ்சியைப் பார்த்துவிட்டாள்" என்றார்.

மகாராஜா சிரித்தார். கூழ் புரையேறும்வரை சிரித்தார். மெல்ல, மெல்ல என்று முந்நூறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதைக் கேட்டு இன்னும் சிரித்தார்.

சம்பந்திகள் தாம்பூலம் மாற்றிக்கொண்ட அதே புளியமரத்தடியில் புதுக் கட்டளையும் பிறந்தது. நோய்க்கு மருந்து சொல்கிறவர்களுக்கு முத்திரை வேண்டும். அதில் மாற்றமில்லை. பண்டிதர் ஆண்டுக்குப் பத்து பேரையாவது சேர்த்துப் பயிற்றுவிக்க வேண்டும். யானைப்பாகன் யானைக்கு மட்டும் சொல்லலாம். ஆனால் பசித்தவரைச் சாப்பிடச் சொல்லவும், சாப்பிடுகிறவரை மெல்லச் சாப்பிடச் சொல்லவும் எந்த முத்திரையும் வேண்டாம். தெற்கு வாசல் வழியே வெளியேறியவர்கள் எல்லோரும் உள்ளே வரலாம், காத்தாயி தன் பந்தலுக்குத் திரும்பலாம். வாய்ப்புண்ணுக்கு அவள் சொன்ன கீரையைப் பண்டிதரே ஒத்துக்கொண்டார், தேங்காய்ப்பால் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும் என்ற திருத்தத்தோடு.

"பிச்சாண்டி, உனக்கு என்ன வேண்டும்? கேள்" என்றார் மகாராஜா, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டபடி.

"இது போதும் மகாராஜா. இன்னும் ஒன்று தரலாமென்றால், அந்தத் தண்டோராக்காரரைக் கொஞ்சம் தாருங்கள். ஊரை ஊமையாக்கிய தண்டோரா அது. தினம் உச்சி வேளையில் அதையே அடித்துக்கொண்டு அவர் தெருத் தெருவாகப் போகட்டும். கட்டளை எதுவும் வேண்டாம். ஒரு கேள்வி போதும்."

மறுநாள் உச்சியில் தண்டோரா ஒலித்தது. சனங்கள் பயந்துபோய் வாசலுக்கு வந்தார்கள். தண்டோராக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு கத்தினார்:

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

 ஏதோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "ஆச்சு! நீங்க சாப்பிட்டீங்களா? வெயில்ல அலையறீங்களே, வந்து ஒரு சொம்பு மோர் குடிச்சுட்டுப் போங்க!"

தெருவுக்குத் தெரு சத்தம் திரும்பி வந்தது. அரண்மனை மாடத்தில் நின்று மகாராஜா கேட்டுக்கொண்டிருந்தார். பந்தலின் கீழே நின்று பிச்சாண்டியும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கையில் கலயம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவன் அதை வாயில் வைக்காமல், காத்தாயியின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தான்.